உண்ணாவிரதத்தில் பெருத்த அண்ணன்

கேரள எல்லையோரத்துப் பாறசாலையைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலத்தில் என் அண்ணன் உண்ணாவிரதம் இருந்தார், தொப்பை கரைய. போராட்டம் அதற்கு ஒரு சாக்கு. பந்தலில் வெறும் தண்ணீரைக் குடித்துக் கிடந்து, ஈர்க்குச்சியாக எழுந்து வந்தார். மாலை போட்டார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

போன தொப்பை கிறிஸ்துமஸுக்குள் இன்னொரு தொப்பையையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. விடுவாரா? மறுபடியும் உண்ணாவிரதம், மறுபடியும் மாலை, முன்னிலும் பெரிய தொப்பை. இத்தனைக்கும் இப்போது அரை வயிறுதான் சாப்பிட்டார். அதுவும் சதையாகவே ஒட்டியது.

“பட்டினி போட்டுப் போட்டு பயந்துபோன ஒடம்பாக்கும் இது. இனி ஒரு பருக்கை கெடச்சாலும் விடாது, பிடிச்சு வச்சுக்கிடும்” என்றாள் மதினி.

அண்ணன் கேட்கவில்லை. அடுத்த முறையும் பாயைச் சுருட்டிக்கொண்டு பந்தலுக்குப் போனார். போராட்டக்காரர்கள் வழிமறித்தார்கள்.

“மக்கா, நீ பட்டினி கிடக்கேன்னு சொன்னா போலீஸ்காரன் சிரிப்பான். வீட்டுக்குப் போ.”

அவருக்குப் பதிலாக ஒட்டிய வயிறுள்ள ஆளைத் தேடினார்கள். மூன்று வேளையும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வெளுத்துக்கட்டி, அப்போதும் ஏப்பம் விட்டுக்கொண்டு நின்ற என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.