மணி அடித்த பிறகும்

ஒக்சுனிடம் பட்டம், சான்றிதழ் என்று காட்டிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தேவாலயத்தில் ஆள் இல்லையென்று சின்ன வயதில் அவள் கையில் செலோ என்கிற பெரிய வில் வாத்தியத்தைக் கொடுத்தார்கள்; பக்திப் பாட்டுக்கு அடிஸ்வரம் வாசித்தே கற்றுக்கொண்டாள். பிறகு கல்யாண மண்டபங்கள். அதன் பிறகு கொரியாவின் பூசான் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் ஆட வரும் கேளிக்கை விடுதி. அங்கே ஒரே ராத்திரியில் அழுகைப் பாட்டும் வரும், ஆட்டப் பாட்டும் வரும், நடுவில் அடிதடியும் வரும். சுவரில் பாட்டில் உடைந்தாலும் வாத்தியம் நிற்கக் கூடாது. நின்றால் கூட்டம் மொத்தமும் சண்டையில் இறங்கிவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது நிற்கக் கூடாது என்பதையே கொள்கையாக வைத்துக்கொண்டாள். அடிக்க மாட்டாள், திட்ட மாட்டாள், ஒரு பிள்ளையை இன்னொன்றோடு ஒப்பிட மாட்டாள். ஆனால் பிள்ளை பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கும், இவள் தகரத் தட்டைத் தரையில் போடுவாள். கதவை அறைவாள். சைக்கிள் மணியை எடுத்து அடிப்பாள்.

"நிறுத்தாத! தப்பு வந்தா வரட்டும், அது போன பஸ். அடுத்த பஸ்ஸப் பிடி!"

அவளிடம் கற்றுக்கொண்ட நாரே, நாலு பேர் பார்த்தாலே வில் நடுங்குகிற பிள்ளை. அவள் அம்மா சந்தையில் கிம்ச்சி ஊறுகாய் விற்கிறவள். நகரத்தின் கலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு மகளை அனுப்ப அவள் துணிந்ததே ஒக்சுனை நம்பித்தான். "டீச்சர், பெரிய வாத்தியாருங்ககிட்ட போனப்பல்லாம் இவ அழுதுக்கிட்டேதான் திரும்பி வந்தா. சிரிச்சுக்கிட்டே வாசிக்கிறது உங்ககிட்ட மட்டும்தான்" என்பாள்.

ஒக்சுன் அந்தப் பள்ளிக்கு யாரையும் அனுப்பியதில்லை. அங்கே இங்கே விசாரித்துத்தான் தெரிந்துகொண்டாள். நடுவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள், யாரும் வாய் திறக்கக் கூடாது. போதுமென்றால் மணி அடிப்பார்கள். மணி அடித்த பிறகும் வாசித்தால் அந்தப் பிள்ளையைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

இதைக் கடைசி வகுப்பில் சொல்ல வேண்டுமென்று வைத்திருந்தாள். கடைசி வகுப்பிலோ நாரே பயத்தில் வில்லைத் தொடாமல் தேம்பித் தேம்பி அழுதாள்.

"என்ன சத்தம் வேணாலும் கேக்கட்டும். இடியே விழட்டும். நீ நிறுத்தாத, சரியா?" என்று தலையைத் தடவி அனுப்பினாள். மணி விஷயத்தைச் சொல்ல மறந்தே போனாள்.

தேர்வு நாளில் பள்ளியின் வாசல் தூணெல்லாம் மிட்டாய்ப் பிசின். பிள்ளை பள்ளியில் ஒட்டிக்கொள்ள வேண்டுமென்று ஊர் வழக்கப்படி அம்மாக்கள் ஒட்டியது. நாரே உள்ளே போய், கதவும் சாத்தியாகிவிட்டது. சற்று நேரத்தில் மாடியிலிருந்து முதல் பிள்ளையின் வாசிப்பு கேட்டது. அதை வெட்டிக்கொண்டு ஒரு மணி. வாசிப்பு நின்றது.

ஒக்சுனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. காவலாளியிடம் ஓடினாள்.

"அண்ணே, என் பிள்ளைகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

"உள்ள போனவங்களோட பேச முடியாதும்மா."

"மணி அடிச்சா நிறுத்தணும்னு யாராவது சொல்லுங்களேன். நான் சொல்லாம விட்டுட்டேன்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அதுகூடச் சொல்லாம அனுப்புற டீச்சர் இருக்காங்களா என்ன?"

கெஞ்சினாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அசையவில்லை. அவன் மேல் என்ன தப்பு? அவன் வேலை அது. அவள் வேலையைத்தான் அவள் பார்க்கவில்லை.

வெறுங்கையோடு திரும்பி வந்தவளின் வாயில் நாரேயின் அம்மா ஒரு துண்டு மிட்டாயைத் திணித்தாள். "சாப்பிடுங்க டீச்சர், நீங்களும் ஒட்டிக்கணும்ல!" மிட்டாய் பல்லோடு பல்லை ஒட்டிவிட்டது.

ஒவ்வொரு பிள்ளையாக வாசித்தது. எல்லாருக்கும் ஒரே பாட்டு, கொஞ்ச நேரத்தில் மணி, பிறகு அமைதி. அப்புறம் ஒரு நீண்ட ஸ்வரம் லேசாகத் தளர்ந்து, அழப்போகிறவள் குரல் போல இறங்கி வந்தது. விடுதியில் அழுகைப் பாட்டுக்கு ஒக்சுன் வாசித்த இறக்கம் அது. இந்த ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அது வராது.

மணி அடித்தது. செலோ நிற்கவில்லை.

'நிறுத்திடு கண்ணு, நிறுத்திடு' என்று ஒக்சுன் உள்ளுக்குள் கதறினாள். மணி மறுபடியும் அடித்தது, இந்த முறை நீளமாக. அதன் மேலேயே நாரே வாசித்துக்கொண்டு போனாள். இதற்கு முன் அவள் ஒருநாளும் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.

"இது நம்ம பிள்ளதானே?" நாரேயின் அம்மா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "மத்தவங்கள எல்லாம் பாதியிலயே அனுப்பிட்டாங்க! நம்மளுத மட்டும் முழுசாக் கேக்கறாங்க பாருங்க!"

ஒக்சுன் ஆமென்று தலையை ஆட்டினாள்.

பாட்டு முடிந்தது. சற்று நேரத்தில் செலோவை முதுகில் சுமந்துகொண்டு நாரே ஓடி வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், நான் நிறுத்தவே இல்ல! நீங்க பண்ற மாதிரியே மணியெல்லாம் அடிச்சுப் பாத்தாங்க. ரெண்டு தடவ! நான் அசரவே இல்லயே!"

"என் தங்கமே!" என்று அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பாருங்க டீச்சர், கைகூட நடுங்கல" என்று நாரே கையை நீட்டினாள். ஒக்சுன் அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

நாரேயின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "டீச்சர், உங்க கை ஏன் இப்படி நடுங்குது?"