ஆளுக்கொரு டேப்

எங்கள் பள்ளிக்குப் பாடம் படிக்கும் தொடுதிரை டேப் வந்தபோது பாதிதான் வந்தது. நன்கொடை கொடுத்த புண்ணியவான் பிள்ளைகளின் எண்ணிக்கையில் கோட்டை விட்டிருந்தார். நான் எடுப்பது மூன்றாம் வகுப்பு. வேறு வழியில்லாமல் பெஞ்சுக்கு ஒன்று என்று வைத்தேன். ஒருத்தி தொடுவாள், ஒருத்தி பார்ப்பாள், பிறகு சண்டை வரும், கை மாறும். வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போவார். எனக்கும் தலைவலிதான்.

அந்த இரைச்சலில்தான் அவள் பேசினாள்.

ஜன்னலோர பெஞ்சில் உட்காரும் பெண் அவள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து பள்ளிக்குள் வாய் திறந்ததில்லை. பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான். அவளுடைய அம்மா பெரிய மார்க்கெட்டில் பூ விற்பவர். "வூட்ல வாயே ஓயாது மிஸ். இங்க வந்தா என்னா ஆவுதுன்னு தெரியல" என்பார். டாக்டரிடமும் காட்டிவிட்டார்கள். காதிலும் குறையில்லை, தொண்டையிலும் குறையில்லை.

அவள் பக்கத்தில் மூலக்குளத்திலிருந்து வேனில் வரும் ஒரு அவசரக்குடுக்கை உட்கார்ந்திருந்தது. அன்று கழித்தல் கணக்கு. அந்த அவசரக்குடுக்கை யோசிக்காமல் கண்ட எண்ணையெல்லாம் தொட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. "அது இல்லடி! ஏழுலேர்ந்து ஒம்போது எப்டிப் போவும்? பக்கத்துல கடன் கேளு!" என்று ஒரு கரகரத்த குரல் கேட்டது. யாருடைய குரல் என்று எனக்கே முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் போர்டு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். நான் பார்ப்பது தெரிந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். கண் கலங்கியதை வேறு மறைக்க வேண்டியிருந்தது.

பி.எட். படிக்கும்போது ஒரு கொள்கையை உருப்போட்டிருந்தேன். குழந்தையால் தனியாகச் செய்ய முடிவதற்கும், துணைக்கு ஒருவர் இருந்தால் செய்ய முடிவதற்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது, கற்றல் நடப்பது அங்கேதான் என்று. பரீட்சைக்கு எழுதினேன், மார்க் வாங்கினேன், மறந்துபோனேன். அது உண்மைதான் என்று கண்ணால் பார்த்தது அந்த வாரத்தில். அதற்கும் டேப் பற்றாக்குறைதான் காரணம் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அவளுடைய அம்மாவுக்கு உடனே போன் செய்தேன். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே, "நான் ஒரு வாட்டி கேக்கணும் மிஸ். வகுப்புல அவ பேசறத என் காதால கேக்கணும்" என்றார். பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள் ஒன்று வரப்போகிறது, அன்று வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாள் வருவதற்குள் மீதி டேப்களும் வந்துவிட்டன. கூடவே ஆளுக்கொரு ஹெட்போன். எங்களைக் காலாப்பட்டில் ஒரு ஏ.சி. அரங்கில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்கும் என்றார் பயிற்சியாளர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டேப் செய்ததெல்லாம் விடை சரியென்றால் ஒரு நட்சத்திரம், தப்பென்றால் மறுபடி முயற்சி. புறா சரியாகக் கொத்தினால் தானியம் போட்டுப் பழக்கினார்களே, அந்தக் காலத்துக் கொள்கை. அதற்குப் புதுச்சட்டை மாட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். போதாக்குறைக்கு, பிள்ளைகளின் மட்டத்தை டேப்பே கணித்துச் சொன்னது. அதன்படி வரிசை மாற்றி உட்கார வைத்தார்கள். அவசரக்குடுக்கை பின்வரிசைக்குப் போனது. ஜன்னலோரப் பெண் முன்வரிசைக்கு வந்தாள். அதன் பிறகு வகுப்பில் அவள் குரலை நான் கேட்கவில்லை.

எச்.எம்.மிடம் போய், இருவருக்கு ஒரு டேப் போதும், பழையபடியே விடுங்கள் என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலிருந்து நெருக்கடி. "ரெண்டு பேரு ஒண்ணா தொட்டா யார் மார்க்குன்னு ரிப்போர்ட்ல எப்டிங்க மிஸ் வரும்? கேட்டு வாங்கினத பொட்டியில வெக்கச் சொல்றீங்களா?" என்றார்.

ஆத்திரம் தாளாமல் ஒரு குறுக்கு வழி பார்த்தேன். அவசரக்குடுக்கையின் டேப்பில் சார்ஜ் இல்லை என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவளை முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். இரண்டு தலைகளும் ஒரு திரையின் மேல் கவிழ்ந்தன. ஜன்னலோரப் பெண்ணின் உதடு அசைவது போலக்கூட இருந்தது. மதியத்துக்குள் எச்.எம். அறைக்குக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். வகுப்பில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தை, டேப்பைத் திறக்காததால் ரிப்போர்ட்டில் ஆப்சென்ட். அதோடு என் ஜம்பம் முடிந்தது.

பெற்றோர் நாளன்று அம்மா வியாபாரத்தைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். மகள் தலைக்கு வைக்க ஒரு முழம் மல்லிகை கையில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பரீட்சையா மிஸ் நடக்குது?" என்று என் காதருகே கேட்டார்.

"இல்லம்மா. பாடம்தான்."

அவர் பூனை நடை நடந்து உள்ளே வந்து சுவரோரமாக நின்றார். எச்.எம். பெரிய திரையைப் போட்டுக் காட்டினார். வகுப்பிலேயே அதிக நட்சத்திரம் அந்தப் பெண்ணுக்கு. எல்லோரும் கை தட்டினார்கள். ஹெட்போன் மாட்டியிருந்ததால் அவளுக்கு அது கேட்கவில்லை. அம்மாவும் தட்டினார். தட்டி முடித்த பிறகும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு, பெல் அடிக்கும்வரை காத்திருந்தார்.

பெல் அடித்ததும் அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து அவசரக்குடுக்கை, "நாளைக்கு வருவியாடி?" என்று கத்தியது. இவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர்களோடு நானும் கேட் வரை கூடவே நடந்தேன்.

கேட்டைத் தாண்டி ரோட்டில் கால் வைத்ததுதான் தாமதம், அந்தக் கரகரத்த குரல் கேட்டது. "ம்மா, பூவ இப்பவே வெச்சி வுடு. சித்தி கடைய ஒழுங்கா பாத்துக்குதா? எனக்கு ஒரு பஜ்ஜி வாங்கித் தரியா?" அவள் பேசிக்கொண்டே போனாள். பூவைக் கையில் பிடித்தபடியே அம்மா திரும்பி, கேட்டுக்கு உள்ளே நின்ற என்னைப் பார்த்தார்.