அண்ணியின் இலையும் என் வீட்டுக்காரர் விரலும்

என் வீட்டுக்காரர் கால்விரலில் ஆணி குத்திய செய்தி செமிலிங்குக்கு முழுசாகப் போய்ச் சேர்வதற்குள், அங்கிருந்து அவருடைய அக்கா பாடாங் செராயில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டார். நான் அவரை அண்ணி என்பேன். கையில் பை நிறைய காப்பால் தெர்பாங் இலை. பால்வெட்டுக் கத்தி கையைக் கிழித்தால் ரப்பர் தோட்டத்தில் கசக்கிப் பிழிகிற இலை அது. எத்தனையோ பேருக்கு அண்ணி அதை வைத்து ரத்தத்தை நிறுத்தியிருக்கிறார்.

"அரைச்சு வச்சுக் கட்டுலா. தானா ஆறிடும்."

"கட்ட மாட்டேன் அண்ணி."

அந்தக் குடும்பத்தில் அண்ணியை எதிர்த்துப் பேசியவர் யாரும் இல்லை. ஆனால் நான் மருந்துக் கடையில் வேலை செய்பவள். வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா?

அந்த இலையின் சாறு ரத்தக் குழாயைச் சுருக்கும், ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும். வெட்டுக்காயத்துக்கு அருமையான இலை. என் வீட்டுக்காரருக்கோ பல வருடத்து இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. விரல் வரைக்கும் ரத்தம் ஒழுங்காகப் போவதில்லை. உணர்ச்சியும் மரத்து, ஆணி குத்தியதே அவருக்கு உறைக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. அந்தப் புண்மேல் இலையை அப்பி மூடினால் உள்ளே சீழ் வைத்து, விரலையே எடுக்க வேண்டி வரும். இலையில் ஒரு குறையும் இல்லை, புண்தான் வேறு.

"விரலு போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்!" என்று அண்ணி கத்தினார்.

"சொல்றேன்!" என்று நானும் கத்தினேன்.

அன்றே வீட்டுக்காரரைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். புண்ணைக் கழுவிக் கட்டி, மருந்து கொடுத்தார்கள். கட்டு மாற்றும் நாள் ஒன்றைக்கூட நான் விடவில்லை. இனிப்பான தே தாரிக் டீ குடிக்க உட்கார்ந்தால் கப்பையே பிடுங்கினேன். நடுவில் விரல் வீங்கிக் கன்றியது; எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு, அப்பாடா, மெல்லச் சதை பிடித்து மூடிக்கொண்டது.

அண்ணி வந்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். எனக்கு வந்ததே கோபம்!

போன மாதம் செமிலிங்கில் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் காலில் புண்ணோடு வந்து இலை கேட்டார்.

"இனிப்புநீர் இருக்கா தம்பி?" என்றார் அண்ணி.

"இருக்குக்கா."

"அப்ப இந்த இலை ஒனக்கு ஆகாது. கிளினிக்குக்குப் போ. நம்பலன்னா இந்தா, எங்க வீட்டு மருமவள கேளு. என் தம்பி விரலு இன்னைக்குக் கால்ல இருக்குன்னா, இவளாலதான்."

அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து நான் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததே இல்லை.