டிஸ்கில் ஒளிந்திருந்த தாத்தா

எங்கள் வீட்டில் முதலில் விமானம் ஏறியவர் அப்பா. அடுத்து ஏறியது ஒரு ஹார்ட் டிஸ்க். சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக இருக்கும். ஊரில் யார் வளைகுடாவுக்குக் கிளம்பினாலும், நேந்திரங்காய் உப்பேரிக்கும் கருவாட்டுப் பொட்டலத்துக்கும் நடுவில் அதுவும் கிளம்பிவிடும். யாராவது லீவில் வரும்போது திரும்பி வரும். நான் அந்த வயதில் வடசேரி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எங்கும் போனதில்லை. அதனால் அந்த டிஸ்கின்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

ஊரில் நடக்கும் கல்யாணம், சடங்கு, பால்காய்ச்சு, கோயில் கொடை எல்லாம் அதற்குள் ஏறிவிடும். அப்பா துபாயில் தன் அறையில் இருக்கும் டிவியில் அதைச் செருகி, விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பார். பிறகு போன் செய்து, "சித்தப்பாக்க மவ கல்யாணத்துல கடைசிப் பந்திக்கு சாம்பார் பத்தல்ல போலிருக்கே" என்று கேட்பார். இராஜாக்கமங்கலத்துப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே இருந்துகொண்டு, அந்தப் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்த எங்களுக்கு அது தெரிந்திருக்காது.

அந்த வருடம் மழைக்காலத்தில் தாத்தா இறந்துபோனார். அப்பாவுடைய அப்பா. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இழவையும் வீடியோ எடுத்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தைதான், அதாவது அப்பாவின் அக்கா, அழுதுகொண்டே ஸ்டுடியோக்காரருக்கு ஆள் அனுப்பினாள். குளிப்பாட்டியதிலிருந்து சுடுகாட்டு வாசல்வரை எல்லாம் படமானது. "அவன் வந்து பாக்காண்டாமா? டிவியிலயாவது தகப்பன் முகத்தக் கண்டுக்கிடட்டும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், லீவில் வந்திருந்த அடுத்த தெரு அண்ணன் ஒருவர் துபாய்க்குத் திரும்பக் கிளம்பினார். டிஸ்க் அவரோடு போகவேண்டும். அதில்தான் ஒரு சிக்கல் வந்தது. அப்பாவின் அறையில் பழைய டிவி போய்ப் புது டிவி வந்திருந்தது. போனமுறை டிஸ்க் அங்கே போயிருந்தபோது, அந்த டிவி அதை அடையாளமே கண்டுகொள்ளவில்லையாம். டிவிக்குப் புரிகிற முறையில் அதை பார்மட் செய்து அனுப்பச் சொல்லியிருந்தார் அப்பா.

அதற்கு எங்கள் வீட்டு நிபுணர் மாமா. அம்மாவின் தம்பி. வடசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. லேப்டாப்பைத் திறந்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு டாக்டரின் களை வந்துவிடும். பார்மட் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்றார் மாமா. அதனால் முதலில் எல்லாவற்றையும் லேப்டாப்பில் காப்பி எடுக்கவேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் திறந்து முதலில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். "காப்பி எடுத்துட்டேன்னு சொல்லுகவன நம்பாத. தொறந்து பாத்தேன்னு சொல்லுகவன நம்பு" என்பது அவர் வேதவாக்கு.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஊர்க் கல்யாணங்கள் எல்லாம் துண்டு துண்டாக ஓடின. அம்மா அப்பா கல்யாணமும் ஓடியது. கேசட்டிலிருந்து சிடிக்கும், சிடியிலிருந்து டிஸ்குக்கும் குடிமாறி வந்ததில் எல்லார் முகமும் கொஞ்சம் நீலம் பாரித்திருந்தது.

"அழிஞ்சா எங்க போவும் மாமா?" என்று கேட்டேன்.

"எங்கயும் போவாது. சும்மா இரி" என்றார். அது பதிலா, அதட்டலா என்று தெரியாமல் நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் பார்மட் பொத்தானை அழுத்திவிட்டார்.

டிஸ்க் காலியானது. மாமா சோம்பல் முறித்துவிட்டு, அடுக்களையில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த அத்தையிடம் கைநீட்டினார். "அக்கா, தாத்தாக்க துஷ்டி வீடியோ இருக்க பென் டிரைவ எடுங்க. பெரிசு அதுதான், மொதல்ல அதப் போட்டுருவோம்."

"எந்த பென் டிரைவு?"

"தனியா இருக்குன்னு சொன்னீங்கல்லா?"

"தனியாத்தான் இருக்கு. இதுக்குள்ள."

விஷயம் இதுதான். கல்யாணமும் சடங்கும் இருக்கிற இடத்தில் சாவும் கூட இருந்தால் விளங்காது என்று அத்தைக்கு ஒரு எண்ணம். பிள்ளைகள் கல்யாண வீடியோ போடப்போய் கைதவறி அதைப் போட்டுவிட்டால் நல்ல நாளும் அதுவுமாக என்ன ஆவது? எனவே ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி, டிஸ்கிலேயே யார் கண்ணிலும் படாத மாதிரி ஒரு ஃபோல்டருக்குள் மறைத்துவைக்கச் சொல்லியிருக்கிறாள். அவரும் மறைத்திருக்கிறார். கண்ணில் பட்டதையெல்லாம் மாமா காப்பி எடுத்தார். கண்ணில் படாத தாத்தாவை விட்டுவிட்டார்.

மாமாவின் முகத்திலிருந்து டாக்டர் களை இறங்கிவிட்டது. ஸ்டுடியோவுக்கு போன் போட்டார். அந்த வீடியோவை அவர்கள் அழித்துவிட்டு, அதே கார்டில் பூதப்பாண்டியில் ஒரு கல்யாணமும் எடுத்துவிட்டார்களாம். அத்தை அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "செத்தவர ரெண்டாந்தரம் கொண்ணுட்டியே, பாவி" என்றாள். மாமா காலி டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அம்மாதான் அப்பாவுக்கு போன் செய்து சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோரும் கேட்டோம்.

"நம்ம கல்யாண வீடியோ இருக்குல்லா?" என்றார் அப்பா.

"இருக்கு."

"அப்பம் போதும். அவன ஏசாண்டாம்னு அக்காட்ட சொல்லு."

எனக்கு அப்பாமேல் கோபமாக வந்தது. தாத்தா தினமும் சாயங்காலம் எனக்கு முறுக்கு வாங்கிவருவார். எனக்கே அழுகை வந்தது. பெற்ற பிள்ளைக்கு அவருடைய கடைசிப் படம் தொலைந்துபோனதில் ஒரு வருத்தமும் இல்லை, தன் கல்யாணப் படம் இருக்கிறதா என்று கேட்கிறாரே என்று நினைத்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "துபாய்த் தண்ணி குடிச்சா மனசும் மாறிரும் போல" என்றாள்.

மாமா மட்டும் விடவில்லை. டிஸ்கில் யாரும் எதையும் போடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, மறுநாள் அதைக் கடைக்கு எடுத்துப்போனார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன். பஸ்ஸில்தான் என் பழைய கேள்விக்குப் பதில் வந்தது.

"அடுக்களையில டப்பாக்கு மேல பேரு எழுதி ஒட்டியிருக்கும்லா? அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டா, மல்லி எது சீரகம் எதுன்னு தெரியாது. ஆனா உள்ள இருக்கது உள்ளதான் இருக்கும். காலி டப்பான்னு நெனச்சு வேற எதையாவது தட்டினாத்தான் போச்சு. நான் அடிச்ச பார்மட் தாளக் கிழிக்க பார்மட். கேட்டியா மக்கா?"

அழிந்தது எங்கும் போகாது, பெயர் மட்டும் இல்லாமல் அங்கேயே இருக்கும் என்பது, நான் அதுவரை பள்ளிக்கூடத்தில் படித்த எதையும்விட பெரிய விஷயமாகத் தோன்றியது.

கடையில் மாமா ஒரு புரோகிராமை ஓடவிட்டார். அது டிஸ்கை மூலை மூலையாகத் தேடி, கிடைத்ததை வேறொரு டிஸ்கில் எடுத்துவைத்தது. மீட்டதை அதே இடத்தில் வைத்தால் மீதியும் போய்விடும் என்றார். பெயரில்லாத கோப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தார். யாருடையதோ வளைகாப்பு, ஏதோ ஒரு கொடையில் வில்லுப்பாட்டு. சாயங்காலம் பஜ்ஜி வாங்கித் தந்துவிட்டு அடுத்ததைத் திறந்தார். எங்கள் வீட்டு முற்றம் தெரிந்தது. பந்தல் தெரிந்தது. நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மாமா சட்டென்று நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்தார். முழுசாக இருந்தது. பிறகு திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

அத்தை மாமாவுக்கு மறுநாள் மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். ஆனால் கொள்கையை மட்டும் விடவில்லை. "பழையபடி மறைச்சே வை" என்றாள். பட்டபாட்டில் எதிர்த்துப் பேச மாமாவுக்குத் தெம்பில்லை. புதிதாக பார்மட் ஆன டிஸ்கில் எல்லாவற்றையும் ஏற்றி, தாத்தாவை மட்டும் மறுபடி மறைத்தார். டிஸ்க் விமானம் ஏறியது.

ஒரு வாரம் கழித்து அப்பா போன் செய்தபோது அத்தை போனைப் பிடுங்கிக் கேட்டாள். "பாத்தியா?"

"பாத்தேன். நல்லா எடுத்திருக்கான்" என்றார் அப்பா.

அத்தைக்கு அதன்பிறகுதான் சோறு இறங்கியது.

அடுத்த வருடம் அப்பா லீவில் வந்தார். டிஸ்கும் வந்தது. சாயங்காலம் ஆனால் டிவியில் அதைச் செருகி, தன் கல்யாண வீடியோவைப் போடுவார். தாலி கட்டுவதை ஓட்டிவிடுவார். அம்மா தலைகுனிந்து நிற்பதை ஓட்டிவிடுவார். பந்தி வரும்போது நிறுத்துவார். அங்கே தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பப்படக் கூடையைத் தூக்கிக்கொண்டு இலை இலையாக நடந்து, விளம்புகிறவர்களைத் திட்டிக்கொண்டிருப்பார். சத்தம் தெளிவாகக் கேட்காது. அப்பா பின்னுக்கு ஓட்டி மறுபடி போடுவார். துபாயில் நல்ல சாப்பாடு கிடைக்காததால் பந்தியையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, அம்மாவிடம் அடப்பிரதமன் பாயசம் வைக்கச் சொன்னேன். அம்மா என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு வைத்தாள்.

அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் எனக்கு உறைத்தது. டிவியில் ஃபோல்டர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. தாத்தாவுடையது இல்லை. மறைத்ததை டிவி காட்டாது; துபாயில் அப்பாவிடம் இருப்பதும் டிவி மட்டும்தான். எப்படித் திறப்பது என்று மாமா யாருக்கும் சொல்லி அனுப்பவும் இல்லை. அப்படியானால் அப்பா எப்படிப் பார்த்தார்?

"அப்பா, தாத்தா வீடியோ இதுல வராது. மாமாக்க லேப்டாப்புல எப்படித் தொறக்கதுன்னு எனக்குத் தெரியும். நான் காட்டித் தரட்டா?" என்றேன், மிகுந்த பெருமையோடு.

அப்பா ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. திரையில் தாத்தா பப்படக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டாம் மக்ளே. அது அங்கனயே இருக்கட்டும்" என்றார்.

பாவம், அப்பாவுக்கு கம்ப்யூட்டர் என்றாலே பயம்போல என்று நினைத்துக்கொண்டேன்.