இரண்டு வண்டியும் ஒரு கோட்டைவாசல் இறக்கமும்

காலை ஆறரை மணிக்குப் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை வாசலில் இருந்து புறப்பட்டோம். புறப்பட்டோம் என்று எழுதிவிட்டேனே தவிர, புறப்படுவதற்குள் வண்டியைத் தள்ள வேண்டியதாகிவிட்டது. அதற்கு வருகிறேன்.

போன வருஷம் எங்கள் வியாபாரிகள் சங்க மலரில் ஒருவர் காசிக்குப் போய்வந்ததை ஆறு பக்கம் எழுதியிருந்தார். நான் போனது குற்றாலம் வழியாகக் கேரள எல்லையில் இருக்கிற கோட்டைவாசல் வரைக்கும்தான். போகவர எழுபது கிலோமீட்டர்கூட வராது. ஆனால் அவர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனவர். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போனவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இதே சந்தையில் மூட்டை தூக்கி, லாரியில் கிளீனராகி, டிரைவராகி, இன்றைக்குச் சொந்தமாகக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். எந்த மூட்டையானாலும் இரண்டு கையையும் கொடுத்து லேசாகத் தூக்கிப் பார்த்தால் எடையைச் சொல்லிவிடுவேன். தராசு மாற்றிச் சொன்னால் தராசைத்தான் பழுது பார்க்க அனுப்புவோம்.

பயணத்தின் காரணம் கார். பெட்ரோலிலும் பேட்டரியிலுமாக மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் கார் வாங்குவதென்று முடிவாகிவிட்டது. இப்போது எல்லாரும் வாங்குகிற வண்டி இரண்டு. இரண்டுமே நாலு மீட்டரைக் கொஞ்சம் தாண்டின, உயரமான வண்டிகள். பெயரை எழுதினால் விளம்பரம் ஆகிவிடும். அதற்கு அவர்கள் எனக்குக் காசு தரவில்லை. ஆகவே வெள்ளை, சிவப்பு என்றே சொல்கிறேன்.

வெள்ளை வண்டிக்கு டிக்கி பெரிசு. தக்காளிப் பெட்டி நாலு தாராளமாக உட்காரும். சிவப்பு வண்டியில் பேட்டரியை டிக்கிக்கு அடியில் வைத்துவிட்டார்கள். இரண்டு பை வைத்தால் மூன்றாவது பையை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்தது வெள்ளை. என் மனைவி செல்லத்தாய்க்குச் சிவப்பு.

"ஏட்டி, டிக்கியே இல்லாத வண்டிய எதுக்குக் கேக்க?" என்றேன்.

"டிக்கி இல்லைன்னுதான் கேக்கேன். மேலகரத்துல தாலி கட்டி இந்த ஊருக்கு என்னியக் கூட்டிட்டு வந்தது புடலங்கா லாரி. பொறவு ஜீப்பு வாங்குனிய, வேன் வாங்குனிய, காரும் வாங்குனிய. எதுலயாவது வெங்காயம் இல்லாம நான் ஏறியிருக்கனா? மக கல்யாணத்துக்குப் பட்டு எடுத்துட்டு வந்தப்பவும் முருங்கைக்கா என் மடியிலதான் இருந்துச்சு. கடைசியா வாங்குத வண்டி ஒண்ணாவது மனுசங்க போறதுக்குன்னு இருக்கட்டும்."

காலி வண்டி ஓட்டுவது எனக்குப் பாவமாகத் தெரியும். ஆனாலும் நியாயஸ்தன் என்பதால் ஒரு வழி சொன்னேன். இரண்டு வண்டியும் ஒரே ரோட்டில் ஒன்றாகப் போய்வரட்டும். எது லிட்டருக்கு அதிகம் ஓடுகிறதோ அதை வாங்குவோம். வெள்ளை ஜெயித்தால் அதில் தக்காளி ஏறும். அவள் வாயைத் திறக்கக் கூடாது. சிவப்பு ஜெயித்தால் அதில் ஒரு கத்தரிக்காய்கூட ஏறாது. நான் வாயைத் திறக்கக் கூடாது. வெள்ளையை நான் ஓட்டுவதென்று முடிவானதும் பாதி ஜெயித்த மாதிரிதான் எனக்கு இருந்தது.

சிவப்பு வண்டியைக் கொண்டுவந்தவன் செல்லத்தாயின் தம்பி முருகேசன். மேலகரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறான். எட்டு மாதமாக அந்த வண்டியை ஓட்டுகிறான். வெள்ளை வண்டியைத் தென்காசி ஷோரூமில் இருந்து ஜெனிபர் என்ற பிள்ளை கொண்டுவந்திருந்தது. சின்னப் பிள்ளை, நல்ல சுறுசுறுப்பு. இரண்டு வண்டியிலும் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்தோம். செல்லத்தாய் தம்பி வண்டியில் ஏற, அந்தப் பிள்ளை என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது. நான் பட்டனை அமுக்கினேன். ஒரு சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினேன். அப்போதும் இல்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பேட்டரி எறங்கிட்டு. ஏலே சுப்பையா, ஆள்களக் கூட்டிட்டு வா, தள்ளணும்" என்று கூப்பிட்டேன். சுப்பையா எங்கள் மண்டியில் மூட்டை இறக்குகிறவன். நாலு பேர் வந்து தோளைக் கொடுத்தார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. "லேசான வண்டி அண்ணாச்சி, பாரமே தெரியல" என்று பின்னால் ஓடிக்கொண்டே சொன்னான் சுப்பையா.

"சார், நீங்க மொதல்ல அமுக்குனதுலயே ஸ்டார்ட் ஆயிட்டு சார். ரெண்டாவது அமுக்குனதுல ஆஃப் ஆச்சுன்னு நான்தான் மறுபடி போட்டேன். இப்ப பேட்டரியில ஓடுது" என்றது ஜெனிபர்.

சத்தம் போடாமல் வேலை செய்கிற எதையும் நான் சந்தையில் பார்த்ததில்லை.

காலை ஏழு மணிக்குத் தென்காசி. சுமார் பத்து கிலோமீட்டர். பழைய லாரியில் இதே தூரத்துக்கு இரண்டு தடவை இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். கோவில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலகரம் வழியாகக் குற்றாலம் போனோம். சாரல் காலம். கண்ணாடியில் தூறல், மலை உச்சியில் மேகம். என் வலது காலைப் பூவை மிதிப்பதுபோல வைத்துக்கொண்டேன்.

ஏழரைக்குக் குற்றாலம் போய்ச் சேர்ந்து மீட்டரைப் பார்த்தால், வெள்ளை லிட்டருக்கு 22.8, சிவப்பு 22.1. முருகேசனின் முகம் சுருங்கிப்போனது.

"மாப்ளே, வண்டி ஓட்டுத கால் வேற, மாத்திரை எண்ணுத கை வேற" என்றேன்.

"இன்னும் மலை இருக்கு அத்தான்" என்றான்.

வண்டி நிறுத்த ஐம்பது ரூபாய். பேரருவியில் நல்ல தண்ணீர், அதைவிட நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் செல்லத்தாயும் ஜெனிபரும் போனார்கள். நான் எண்ணெய் தேய்க்கச் சொல்லி உட்கார்ந்தேன். இருநூறு கேட்டவர் என்னிடம் நூற்றைம்பதுக்கு வந்தார். தொடையைப் பிடித்துவிட்டபடியே, "அண்ணாச்சிக்கு எடது காலு மனுசக் காலா இருக்கு. வலது காலு மட்டும் தேக்குக் கட்டை மாதிரில்லா இருக்கு" என்றார். லாரி ஆக்சிலேட்டர் என்று சொன்னேன். தொழில் தெரிந்தவர். இருநூறாகவே கொடுத்துவிட்டேன்.

குளித்துவிட்டு வந்த செல்லத்தாய் சிவப்பு வண்டியின் முன் சீட்டில், காலை நீட்டி, தலையை விரித்து உலர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். காலுக்கடியில் ஒன்றுமில்லை, மடியிலும் ஒன்றுமில்லை. "மைலேஜு போனாப் போவுது, இந்த ஒரு நாளாவது கெடச்சுது" என்று தம்பியிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. கேட்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்தேன்.

பிரானூரில் பரோட்டா வேண்டும் என்றான் முருகேசன். அந்த நேரத்தில் கல் காயவில்லை என்று இட்லிதான் கிடைத்தது. நாலு பேருக்கு இருநூற்று நாற்பது ரூபாய். ஒன்பதரைக்குச் செங்கோட்டை தாண்டினோம். புளியரையில் இருந்து மலை ஏறுகிறது ரோடு. எஸ் வளைவில் கேரளாவுக்குப் போகிற லாரிகள் முக்கிக்கொண்டிருந்தன. ஏற்றத்தில் இரண்டு வண்டிக்கும் மைலேஜ் விழுந்தது, அது எதிர்பார்த்ததுதான். பத்தேகாலுக்குக் கோட்டைவாசல். தேநீர் பதினைந்து ரூபாய். அங்கே வெள்ளை 18.9, சிவப்பு 18.7. இப்போதும் நான்தான் முன்னால்.

இனி இறக்கம். இந்த இறக்கத்தில் நான் செய்ததைப் படிக்கிறவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் புனலூரில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கோட்டைவாசலில் நியூட்ரலில் தட்டினால் புளியரை வரைக்கும் ஒரு சொட்டு டீசல் செலவாகாது. வண்டி தன்னாலேயே உருண்டு வரும். மிச்சப்பட்ட டீசல்தான் எனக்கு மண்டியாக நிற்கிறது. அந்த வித்தையை முருகேசனுக்குக் காட்டுவதற்காகவே கோட்டைவாசலைத் தேர்ந்தெடுத்திருந்தேன். வளைவு தொடங்கியதும் நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

"சார், நியூட்ரல் வேண்டாம் சார்" என்றது ஜெனிபர்.

"நீ சும்மா வாம்மா. பெட்ரோல் மிச்சம்."

"சார், அது வந்து சார்..."

"நான் லாரியில ஏறுன காலத்துல ஒங்க அப்பா பொறந்திருப்பாரா?"

"எங்க அப்பாவுக்கு நாப்பத்தெட்டு, சார். நியூட்ரல எடுங்க சார்."

"அப்ப என் சர்வீஸுக்கு அவரு நாலு வருசம் எளையவரு."

அடுத்த வளைவில் ஒரு கேரளா பஸ் எதிரே வந்தது. நான் பிரேக்கை அழுத்தி ஒதுக்கினேன். அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு "ஏசப்பா" என்றது. பிறகு புளியரை வரும்வரை என்னைச் சார் என்று கூப்பிடவில்லை. "அண்ணாச்சி, மெதுவா. அண்ணாச்சி, லாரி" என்றுதான் வந்தது. பின்னால் முருகேசன் கியரிலேயே, அடிக்கடி பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, பால்குடம் எடுக்கிறவன் மாதிரி வந்துகொண்டிருந்தான். கண்ணாடியில் பார்த்துப் பரிதாபப்பட்டேன்.

புளியரையில் தரை சமமானது. கியரைப் போட்டேன். இறக்கம் முழுக்கச் சத்தமே போடாத வண்டி, எஞ்சினைப் போட்டுக்கொண்டு உறுமத் தொடங்கியது. செங்கோட்டை வரை உறுமியது. எங்களைத் தாண்டிப் போன சிவப்பு வண்டியில் இருந்து சத்தமே இல்லை. செல்லத்தாய் மட்டும் கையை ஆட்டினாள்.

பதினொன்றே காலுக்குத் தென்காசி ஷோரூம் வாசல். வெள்ளை 21.3. சிவப்பு 24.6.

நான் கீழே இறங்கி இரண்டு மீட்டரையும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கண்ணாடி போடாமலும் பார்த்தேன். பெட்ரோல் ஒழுகுகிறதா என்று குனிந்தும் பார்த்தேன். ஜெனிபருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மாதத்தில் அதற்கு அமைய வேண்டிய வியாபாரம்.

"அண்ணாச்சி, ஏத்தத்துல செலவழிக்கறத இந்த வண்டி எறக்கத்துலதான் சம்பாதிக்கும். கியர்ல வந்து பிரேக்கத் தொட்டா, அந்த உருளுத வேகம் பேட்டரிக்குள்ள போவும். நியூட்ரல்ல போட்டா ஒண்ணும் போவாது. நீங்க அத சம்பாதிக்கவே விடல" என்றது.

கம்பெனிப் பாஷையில் சொல்லாமல் மண்டிப் பாஷையில் சொன்னதால் எனக்கு உடனே விளங்கியது. நான் செய்தது, பொங்கலுக்கு முந்தின நாள் கடையைப் பூட்டிவிட்டு, கரண்ட் பில் மிச்சம் என்று சொன்ன கதை.

"வேணும்னா இன்னொரு தடவை போவோம்" என்றாள் செல்லத்தாய். "நீங்க செவப்ப ஓட்டுங்க, இந்தப் பிள்ளை வெள்ளைய ஓட்டட்டும். என்ன சொல்லுதிய?"

போயிருந்தால் வெள்ளை ஜெயித்திருக்கும். என்னை எதிர்த்து எந்த வண்டியும் ஜெயிக்கும் என்றும் ஆகியிருக்கும். அதோடு, மண்டியில் சொன்ன விலை சொன்னதுதான் என்பதால்தான் இத்தனை வருஷம் என் கடைக்குச் சரக்கு வருகிறது. சிவப்பு என்றேன். செல்லத்தாய் ஈரத் தலையை முடிந்துகொண்டாள்.

ஜெனிபரை நான் கைவிடவில்லை. எங்கள் சந்தையில் வண்டி வாங்க இருக்கிறவர்கள் இரண்டு பேரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறேன். இறக்கத்தில் நியூட்ரல் போடக் கூடாது என்று அவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன். கோட்டைவாசல் வரை போய், சொந்த அனுபவத்தில் கண்டுபிடித்தவன் சொன்னால்தான் கேட்பார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது முருகேசனின் சிவப்பு வண்டியை நான் ஓட்டினேன். பக்கத்தில் செல்லத்தாய், பின்னால் முருகேசன். தென்காசி தாண்டியதும் ரோட்டோரம் ஒரு லோடு ஆட்டோவில் பலாப்பழம் விற்றார்கள். "நிறுத்துங்க" என்றாள். இருப்பதிலேயே பெரியதைக் காட்டினாள். முந்நூறு சொன்னதை இருநூற்று முப்பதுக்கு அவளே முடித்தாள். டிக்கியைத் திறந்தோம். ஈரத் துணிப் பை இரண்டு இருந்தது. பழத்தை வைத்தால் கதவு மூடவில்லை. நான் வாயைத் திறக்கக் கூடாதல்லவா, திறக்கவில்லை. முருகேசன்தான் கேட்டான்.

"அக்கா, கத்தரிக்காகூட ஏறாதுன்னு பேச்சுல்லா?"

"காய்தான் ஏறக் கூடாது. இது பழம்லா. ஏலே, ஒன் பக்கத்துல வச்சுக்கோ."

வைத்தான். வண்டி நகர்ந்ததும் டங் டங் என்று மணி அடித்தது. பின் சீட்டில் பெல்ட் போடாத ஆள் இருப்பதாக வண்டி நினைத்துவிட்டது. முருகேசன் பழத்துக்குப் பெல்ட் மாட்டினான். மணி நின்றது. பாவூர்சத்திரம் வரைக்கும் அது மரியாதையாக உட்கார்ந்து வந்தது.

சந்தை வாசலுக்கு எதிரே எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தியதும் சுப்பையா ஓடிவந்தான். பழக்க தோஷத்தில் நேரே டிக்கியைத் திறந்து பார்த்து, ஈரத் துணிப் பையைத் தவிர ஒன்றும் இல்லை என்றதும் திகைத்தான். நான் பின் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, இரண்டு கையையும் கொடுத்துப் பழத்தைத் தூக்கினேன். தூக்கினதும் எடை எனக்குத் தெரிந்துவிட்டது.

"எவ்வளவு இருக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டான் சுப்பையா.

முன் சீட்டில் இருந்து செல்லத்தாய் திரும்பிப் பார்த்தாள்.

"அத எதுக்குலே எடை போடுத? வீட்டுக்கு வந்த பழம்" என்று சொல்லிவிட்டு, நானே உள்ளே தூக்கிக்கொண்டு போனேன்.