திங்கட்கிழமை மாத்திரை

1. ஊதச் சொன்ன நாள்

என் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. ஆயினும் ஒரு நாள் டிப்போ வாசலில், என்னோடு பணியாற்றியவர்கள் சூழ்ந்து நிற்க, சுவாசச் சோதனைக் கருவியின் குழாயில் வாய் வைத்து ஊதினேன். இளைய ஓட்டுநர்களுக்குப் பயன்படும்படி பணி அனுபவம் எதையேனும் எழுதித் தாருங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். விபத்தின்றி ஓட்டியதற்காகப் பெற்ற பதக்கத்தைப் பற்றி எழுத எனக்கு ஆசைதான். ஆனால் உங்களுக்குப் பயன்படக்கூடியது இதுதான்.

அப்போது நான் நாகர்கோவில் - திருநெல்வேலி வண்டியில் இருந்தேன். ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அந்தக் காலத்துக் காற்று எப்படி இருக்கும் என்பதை அந்த ரூட்டில் ஓட்டியவர்கள் அறிவார்கள். காற்று அடிக்கும் பக்கமாக ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எதிரே ஒரு லாரி வந்து காற்றை மறைத்தால், அந்த நொடியில் பிடியைத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் வண்டி தானாகவே அந்தப் பக்கம் சாயும். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. கையே செய்துகொள்ளும்.

அன்று என் கை நடுங்கியது. அதற்கு முன்பும் சில வாரங்களாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைத்தது. நெஞ்சு படபடத்தது. ஓட்டுநர் இருக்கைக்கு ஏறத் தொடையில் வலுவில்லாமல், கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டுதான் ஏறினேன். வயதாகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்று அந்தக் குளிர்ந்த காற்றிலும் எனக்குச் சட்டை நனைய வியர்த்தது. கண்கள் பிதுங்கிச் சிவந்திருந்தன. எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நெத்தி நெறய திருநீறு. கையப் பாத்தியளா? காலையிலேயே ஏத்தியாச்சு போல."

அவரே இறங்கியதும் டிப்போவுக்குப் போன் செய்துவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"பிள்ளைவாள், நான் நம்பல்ல," என்றார் பிராஞ்ச் மானேஜர். "ஆனா கம்ப்ளெயின்ட் வந்தாச்சு. ஊதித்தான் ஆகணும்."

என் கண்டக்டர் கபீர் கோட்டாற்றுக்காரர். பல ஆண்டுகள் என்னோடு ஒரே வண்டியில் வந்தவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"சார், அண்ணாச்சி சாயா குடிக்கதுக்கே சாமியக் கும்பிட்டுட்டுதான் கிளாஸத் தொடுவாரு. அவரப் போயி ஊதச் சொல்லுகியளே."

சிரிப்பு எழுந்தது. நான் ஊதினேன். மூச்சு நடுவில் அறுந்ததால் கருவி ஏற்கவில்லை. மறுபடியும் ஊதச் சொன்னார்கள். இரண்டாம் முறை பூஜ்யம் காட்டியது.

"மிஷினுக்கும் பக்தி உண்டு போல," என்றார் ஒரு மெக்கானிக்.

பூஜ்யம் வந்தபின் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். எனக்கோ எல்லாரும் என் கையையே பார்ப்பதாகத் தோன்றியது. இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் செருகிக்கொண்டு நின்றேன்.

2. மேல்தொட்டித் தண்ணீர்

மானேஜர் அன்றே மருத்துவரிடம் போகச் சொன்னார். நாகர்கோவிலில் ஒரு பெண் மருத்துவர். "கைய நீட்டுங்க ஐயா," என்று சொல்லி, நீட்டிய விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். மின்விசிறிக்கு முன்னால் வைத்ததுபோல் அது படபடத்தது. இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது.

இரண்டு வகை மாத்திரை கொடுத்தார். ஒன்று சுரப்பியை அடக்குவதற்கு. மற்றொன்று நெஞ்சின் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அதுவரை தணித்து வைப்பதற்கு.

"எப்ப சரியாகும் டாக்டர்? ஒரு வாரம்?"

"மோட்டார நிறுத்தியாச்சுன்னு வச்சுக்கோங்க. மேல்தொட்டியில இருக்கிற தண்ணி தீருற வரைக்கும் குழாயில வந்துக்கிட்டுத்தான் இருக்கும். வாரக்கணக்கில ஆகும். ரிசல்ட் நார்மலான பிறகும் தொடை பலம் வர இன்னும் நாளாகலாம். நான் சொல்றவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது. மாத்திரைய ஒரு வேளகூட விடக் கூடாது."

டிப்போவில் லைட் டூட்டி தந்தார்கள். பேருந்து நிலையத்தில் டைம் ஆபீஸ். வண்டி வருவதையும் போவதையும் குறித்து, கேட்பவர்க்கு வழி சொல்லும் வேலை. நேற்றுவரை என் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்.

"தைராய்டாமே அண்ணாச்சி? எங்க மைனிக்கும் அதுதான். பொம்பளையளுக்கு வாற தீனமுல்லா அது."

அந்தச் சொல் ஊதச் சொன்னதைவிட ஆழமாகத் தைத்தது. நோய் ஆண் பெண் பார்த்து வருவதில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுசீந்திரத்தை அடுத்த எங்கள் ஊரில் என் மனைவியைத் தவிர ஒருவரிடமும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. டூட்டி மாற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

வாரங்கள் கழிந்தன. இரத்தத்தில் அளவு குறைந்து வந்தது. நடுக்கம் மட்டும் போகவில்லை. காலையில் மாத்திரை போட்டால் அடங்கியிருக்கும். மாலையில் அதன் வேகம் குறையும்போது மீண்டும் தலைகாட்டும். வழி கேட்டவர்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். இராஜாக்கமங்கலம் பஸ் எங்கே நிற்கும் என்று இருமுறை கேட்ட ஒரு முதியவரை, "காதுல என்ன அடைச்சு வச்சிருக்கேரு?" என்று கேட்டுவிட்டேன். அந்த எரிச்சலும் நோயின் அறிகுறிதான் என்று பிறகு மருத்துவர் சொன்னார். அந்த முதியவருக்கு அது தெரியாதே.

3. உருகியவன் என்ற பெயர்

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு வெளியே தெருவோரம் ஒரு கல்மண்டபம் உண்டு. திங்கட்கிழமை மாலைதோறும் பதிகம் பாடும் குழு அங்கே கூடும். விவரம் அறிந்த நாள்முதல் நான் அதில் பாடுகிறேன். நாங்கள் பாடும் பாடல்களில் இறைவனை நினைந்த அடியார் மெய் நடுங்குவர், வியர்ப்பர், கண்ணீர் மல்குவர், சொல் குழறி நிற்பர். அந்த வரிகளை எத்தனையோ திங்கட்கிழமைகளில் நான் பிழையின்றிப் பாடியிருக்கிறேன். பாடும்போது என் கை வெண்கலத் தாளத்தை நடுங்காமல் பிடித்திருக்கும். கண்கள் உலர்ந்தே இருக்கும். அது எனக்கு உள்ளூர ஒரு குறை.

லைட் டூட்டியில் இருந்த அந்த நாட்களில் மாலை வேளைகளில் நான் ஓய்வாக இருந்தேன். ஒரு திங்கட்கிழமையும் தவறாமல் பாடப் போனேன். ஒரு மாலை, கையில் இருந்த தாளம் தானாகவே கிலுகிலுத்தது. நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து வழிந்தது. நோயால் பிதுங்கிய கண்களில் நீர் நில்லாமல் வந்தது. மூச்சு முட்டி, சொல் பாதியில் நின்றது.

பாடி முடிந்ததும் குழுத் தலைவர் தாணு பிள்ளை என் தோளில் கை வைத்தார்.

"வே, ஒமக்கு அருள் கூடியிருக்கு. நாங்க பாடுகோம், நீரு உருகுகீரு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டிப்போவில் அந்தக் கைதான் என்னைக் குடிகாரனாக்கியது. இங்கே அதே கை என்னை அடியார் ஆக்கியது. தவறான பழியை மறுக்க எனக்கு வாய் இருந்தது. தவறான புகழை மறுக்க வாய் எழவில்லை.

அடுத்த வாரம் முதல், பாட்டு முடிந்தபின் திருநீற்றுத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். நடுங்கும் கையால் நான் இடும் திருநீற்றுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். என்னைவிட மூத்தவர்கள் குனிந்தார்கள்.

இதற்கு மேல் எழுதுவது எனக்குக் கடினமாக இருக்கிறது. சோமவார விரதம் எங்கள் வீட்டில் பழைய வழக்கம். திங்கட்கிழமை பகல் முழுதும் உண்ணாமல், மாலை வழிபாடு முடிந்துதான் உண்போம். மாத்திரையைச் சாப்பிட்டபின் போடச் சொல்லியிருந்தார் மருத்துவர். விரத நாளில் என்ன செய்வது என்று நான் அவரைக் கேட்கவேயில்லை. திங்கட்கிழமைகளில் காலை மாத்திரையை நானாகவே இரவுக்குத் தள்ளினேன்.

"நோயாளிக்கு விரதம் உண்டா? ரெண்டு இட்லி தின்னுட்டு மாத்திரையப் போடுங்க," என்று மனைவி சொன்னாள்.

"சாமி காரியத்துல பேசாத," என்றேன்.

மாத்திரை இல்லாத திங்கட்கிழமை மாலையில் நடுக்கம் தடையின்றி வந்தது. விரதம் என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4. கபீர் கேட்ட கேள்வி

எங்கள் தெருவில் பகவதி என்று ஒரு பெண். அவளுடைய சிறு மகளுக்கு வலிப்பு வருவதுண்டு. தொடர்ந்து மாத்திரை கொடுத்துவந்ததால் சில மாதங்களாக வரவில்லை. திங்கட்கிழமைதோறும் அந்தக் குழந்தையை என்னிடம் கொண்டுவந்து திருநீறு இடச் செய்து போவாள்.

ஒரு திங்கட்கிழமை வழக்கம்போல் வந்தாள். குழந்தையின் நெற்றியில் நான் திருநீறு இடும்போது சொன்னாள்.

"ஒங்க கை பட்ட பொறவு பிள்ளைக்கு ஒண்ணும் வரல்ல பாட்டா. மாத்திரை குடுத்தா தூங்கித் தூங்கி விழுகா. இனி நிறுத்திரலாம்னு இருக்கேன். ஒங்க திருநீறு போதும்லா?"

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். உடனே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என நம்பத்தான் ஆசை. ஆனால் உடனே சொல்லவில்லை என்பதே உண்மை. தட்டைப் பார்த்தபடி நின்றேன்.

அப்போது தெருவில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கபீர். மகளின் நிக்காஹ் அழைப்போடு வந்திருந்தார். மண்டபத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றவர், என் கையைப் பார்த்ததும் முகம் மாறினார்.

"என்ன அண்ணாச்சி, கை பழையபடி இப்பிடி ஆடுகு? மாத்திரைய நிறுத்திட்டியளா?"

அவர் கேட்டதில் அக்கறையைத் தவிர வேறொன்றும் இல்லை. பகவதி என்னைப் பார்த்தாள்.

"என்ன மாத்திரை?" என்றார் தாணு பிள்ளை.

"எனக்குத் தைராய்டு நோய்," என்றேன். "இந்த நடுக்கம் அதனால வாறது. வேர்வையும் கண்ணீரும் அதனாலதான். அருள் இல்ல."

தாணு பிள்ளை சிரித்தார். "பெரியவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. அடக்கம் பேசுகாரு."

என் உண்மையும் எனக்குப் புகழாகவே திரும்பி வந்தது. அங்கேயே நின்றுவிட்டிருந்தால் இன்னும் பெரிய அடியார் ஆகியிருப்பேன். தட்டைக் கீழே வைத்தேன். சட்டைப்பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். என் விரல்களில் அது சலசலத்தது.

"காலையில போட வேண்டியது இது. போடல்ல. போட்டிருந்தா கை இப்பிடி ஆடாது. அதுக்காகத்தான் போடல்ல."

கடைசிச் சொற்களை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. வாயிலிருந்து வந்தபிறகே அவை உண்மை என்பது எனக்குத் தெரிந்தது.

பகவதி அட்டையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"அப்போ நீங்களும் மாத்திரை திங்கிய ஆளுதானா?"

"ஆமா மக்களே. நீ பிள்ளைக்கு ஒரு வேளகூட நிறுத்திராத. தூக்கம் வருகுன்னா டாக்டர்ட்டச் சொல்லு. அவங்க பாத்து மாத்தித் தருவாங்க."

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். குழந்தையின் நெற்றியில் நான் இட்ட திருநீறு கோணலாக இருந்தது.

வரிசை கலைந்தது. கபீர் அழைப்பிதழை இரு கைகளாலும் பிடித்தபடி நின்றார். "நான் ஒண்ணும் தெரியாமக் கேட்டுட்டேன் அண்ணாச்சி," என்றார். "வாரும், வீட்டுக்குப் போவோம்," என்றேன். வீட்டில் அவருக்கு முன்னால் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டு, மாத்திரையை விழுங்கினேன்.

5. அசையாத தாள்

அதன்பின் ஒரு வேளையும் தவறவிடவில்லை. திங்கட்கிழமைகளிலும் காலையில் உண்டேன். குழுவில் நான் பின்வரிசைக்கு வந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. தட்டை மட்டும் யாரும் தரவில்லை.

அடுத்தமுறை போனபோது மருத்துவர் என் விரல்கள்மேல் தாளை வைத்தார். அது மேசைமேல் வைத்ததுபோல் கிடந்தது. அவர் மகிழ்ந்தார். எனக்கு அந்த நொடியில், அது சற்றே அசைந்திருக்கலாமே என்று தோன்றியது. இதைக் கபீரிடம்கூட நான் சொன்னதில்லை. இறைவன்முன் ஒருபோதும் நடுங்காத கை, மனிதர் வணங்கியபோது நடுங்க ஆசைப்பட்டிருக்கிறது. அந்த வெட்கம் மருந்தால் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதும் இல்லை.

இளைய ஓட்டுநர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது சிறிதுதான். கை நடுங்கினால் பிறர் பெயர் வைக்கும் முன் நீங்களே அதன் பெயரைத் தெரிந்துகொண்டு சொல்லிவிடுங்கள். பழித்தாலும் புகழ்ந்தாலும் பிறர் வைக்கும் பெயர் நோயைத் தீர்க்காது. மாத்திரை போட்டும் நடுக்கம் நீடித்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணாதீர்கள். மேல்தொட்டி காலியாகும்வரை காத்திருங்கள். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். விரதம் இருப்பவர்கள் மருத்துவரிடம் அதையும் கேளுங்கள். கேட்காமல் இருப்பதற்கு நம் மனம் சொல்லும் காரணத்தை நம்பாதீர்கள்.

நான் மீண்டும் வண்டி எடுப்பதற்குச் சில நாட்கள் முன்பு, டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே பகவதி வந்து நின்றாள். தோளில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. அவள் கையில் மருந்துச் சீட்டு இருந்தது. என்னைக் கண்டு அவள் குனியவில்லை. முகம் திருப்பவும் இல்லை.

"ஆஸ்பத்திரி பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டாள்.

எழுந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை. அது காட்டிய பேருந்தைப் பார்த்து நடந்தாள்.