பல் டாக்டர் சுவரில் எழும்பிய பயம்

பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் சுவர் தானாகவே கவிதை எழுதுகிறது என்று தெருவெல்லாம் பேச்சு. பல் பிடுங்கும்போது செத்தவனின் ஆவி என்றது சலூன். அங்கே யாரும் செத்ததில்லை, ஊசியைப் பார்த்து மயங்கியவர்கள்தான் உண்டு என்றது மருந்துக்கடை. வதந்தியை விசாரிக்காமல் பரப்பினால் பாவம். விசாரித்துவிட்டுப் பரப்பினால் சேவை. விசாரித்ததில், ஆவி உயிரோடுதான் இருந்தது. வயது நாற்பத்தேழு, தொழில் பெயிண்டிங். ரெண்டு கோட்டு அடித்தால்தான் ஆச்சு என்று எல்லா வீட்டிலும் அடம்பிடிப்பதால், பெயரே ரெண்டு கோட்டு.

அவருக்கு ஒரு ரகசியப் பழக்கம். அடிப்பூச்சான பிரைமர் காய்ந்ததும், மனசில் கிடப்பதைப் பென்சிலால் நாலு வரி சுவரில் எழுதுவார். அதன்மேல் ரெண்டு கோட்டு. வீட்டுக்காரருக்குச் சுவர் பளபளக்கும், இவருக்கு மனசு லேசாகும். போன வருஷம் காரணமே இல்லாமல் நெஞ்சில் ஒரு கல் வந்து உட்கார்ந்து தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டது. மனைவியிடம் மூச்சு விடவில்லை. பதினோரு சுவர்களிடம் சொன்னார்.

கிளினிக்கில்தான் சறுக்கியது. காதில் செருகியிருந்த பென்சில் எங்கோ விழுந்துவிட, ஜன்னலோரம் கிடந்த மார்க்கரை எடுத்தார். மார்க்கர் மை எத்தனை கோட்டு அடித்தாலும் மேலே வரும் என்பது நேற்று பிரஷ் பிடித்தவனுக்கும் தெரியும். கவிதை வந்த வேகத்தில் இவருக்கு மறந்துபோனது.

பாதி மழித்த கன்னத்தோடு சலூன் நாற்காலியில் இந்தப் பேச்சைக் கேட்டவருக்கு வியர்த்துக்கொட்டியது. மனைவிக்குக் கடைவாய்ப்பல் வீங்கி, அன்று நாலு மணிக்கு அதே டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருந்தாள். அவர் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? மணி மூணேகால். கறையை அமுக்கும் பிரைமர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, பாதித் தாடியோடு ஓடினார்.

டாக்டரம்மா வாசலிலேயே மறித்தார். “டப்பாவைக் கீழ வைங்க பெயிண்டர்.”

“தப்பு என்னுதுதாம்மா. பத்தே நிமிஷம், மறைச்சிடறேன்.”

“மறைச்சீங்க, கை மரத்துப்போற மாதிரி ஊசி போட்டுடுவேன். இத்தனை வருஷமா இங்க உக்காந்து ஒவ்வொருத்தரும் தனித்தனியா நடுங்குவாங்க. இப்ப ‘எனக்கும்தாங்க’ன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. ஒருத்தர் டோக்கனைக்கூட அடுத்தவருக்குக் கொடுத்துட்டு உக்காந்து பேசறாரு!”

உள்ளே எட்டிப் பார்த்தார். இளம்பச்சைச் சுவரில் மூன்று வரிகள் எழும்பியிருந்தன.

பயமாயிருக்கிறது
ஏணியில் ஏறும்போது அல்ல
இறங்கி வீட்டுக்குப் போகையில்

அதற்கு நேர் எதிரே, கன்னத்தில் துண்டு கட்டியபடி மனைவி உட்கார்ந்திருந்தாள். வலி தாங்காமல் மூணு மணிக்கே வந்துவிட்டாளாம்.

“வீட்டுக்கு வர பயமா? நான் என்ன பேயா?”

“உன்னைப் பாத்து இல்ல. என் மூஞ்சியப் பாத்து நீ கண்டுபிடிச்சிடுவியோன்னுதான்.”

“போன வருஷமே கண்டுபிடிச்சாச்சு. வேலை நடக்கற வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்தப்ப, சுவத்துல உங்க நாலு வரியைப் பாத்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன்.” அவரது பாதித் தாடியைப் பார்த்தவள் குபீரென்று சிரித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ, வலிக்குது! ஊரான் சுவத்துக்கெல்லாம் சொன்னீங்களே, நம்ம வீட்டுச் சுவரு என்ன பாவம் பண்ணுச்சு? ஏழு வருஷமா ஒரு கோட்டுகூடக் காணல!”

காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ரெண்டு கோட்டும் சிரித்தார். கல் எங்கே போனதென்று தேடிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

“எப்பவும் நாலு வரி எழுதுவீங்களே, இங்க மூணுதானே இருக்கு?” என்றாள் மனைவி.

“மார்க்கர் தீந்துபோச்சு.”

டாக்டரம்மா புது மார்க்கரை நீட்டினார். வாங்கிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். எழுதிய அன்றைக்கு மனசில் இருந்த வரி, சிரித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு வரவே இல்லை.

மறு ஞாயிறு அவர் வீட்டுச் சமையலறைச் சுவர் பிரைமர் பூசிக் காய்ந்தது. பென்சில் இப்போது மனைவியின் காதில். கிளினிக்கில் நாலாவது வரிக்கான இடம் காலியாகவே இருக்கிறது. அந்தத் தெருவில் போகும்போது மட்டும், ரெண்டு கோட்டு எதிர்ச்சாரிக்கு மாறிவிடுகிறார். டாக்டரம்மா ஜன்னலிலிருந்து மார்க்கரை ஆட்டிக் காட்டுகிறார்.